மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள், வாயை மூடச் சொல்லாதீர்கள்

போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய மண்டபத்தில் நமது அங்கத்தவர்களின் பிள்ளைகள் சிலரை ஒன்றுகூட்டினோம். எல்லோரும் தோட்டத்தில் பிறந்து இப்போது கொழும்பில் இருப்பவர்கள். சிலர் மாமா வீட்டிலும் சித்தி வீட்டிலும் தங்கிப் படிக்கிறார்கள். சிலர் சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டு வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கிறார்கள். இவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை முன்வந்தார். மைண்ட்புல்னஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான்.

முதல் நாள் ஆளுக்கொரு பிளம்ஸ் கொடுத்தார். கையில் வைத்துப் பாருங்கள், மணந்து பாருங்கள், நாக்கில் வையுங்கள், உடனே மெல்லாதீர்கள் என்றார். பல நாடுகளில் இந்தப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறதாம். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், நான் காலையில ஒண்ணும் சாப்பிடல. அது எப்ப உள்ள போச்சுன்னே தெரியல."

மண்டபமே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். பிறகு பயிற்சியை நிறுத்திவிட்டு, முதலில் எல்லோருக்கும் பணிசும் தேத்தண்ணீரும் வாங்கிவரச் சொன்னார். அவர்மீது நமக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

இதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது. மனம் வேறெங்கோ ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவருவது. கோபம் வந்தால், அது கையிலோ வாயிலோ இறங்குமுன், வருகிறது என்று தெரிந்துகொள்வது. பௌத்த தியான மரபிலிருந்து எடுத்து, 1979இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபட் சின் என்பவர் தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காக இதை ஒரு பயிற்சியாக ஆக்கினார். அங்கிருந்து பாடசாலைகளுக்கும் வந்தது. நமது நாட்டில் உடஈரியகம தம்மஜீவ தேரர் 2016இல் தொடங்கிய 'சதி பாசல' பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறது. பாளியில் 'சதி' என்றால் விழிப்போடு இருத்தல். தமிழ் எழுத்தில் எழுதினால் சதிகாரர்களின் பாடசாலை என்றல்லவா வாசிக்கும்! தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும்போது ஒரு நல்ல தமிழ்ப் பெயரோடு போவது நல்லது.

மகளைப் பார்க்கப் பொகவந்தலாவையிலிருந்து வந்திருந்த ஒரு தாய், "இது பன்சலையில செய்றதுதானே, நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூச்சுக்கு மதமில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சொல்லிக்கொடுப்பவருக்கு மதமும் மொழியும் உண்டு. ஆகவே பிள்ளையின் தாய்மொழியில், எந்தச் சாமியையும் இழுக்காமல், விரும்பியவர் மட்டும் செய்யும்படி இருக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. அந்தத் தாய்க்கு இன்னொன்றும் சொன்னோம். இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும்போது அவருடைய கண்ணும் கையும் கொழுந்தில்தான் இருக்கின்றன. அதை யாரும் தியானம் என்று சொன்னதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்றுதான் சொன்னார்கள்.

ஒரு சிறுமி கடைசிவரை கண்ணை மூடவில்லை. ஆசிரியை வற்புறுத்தவில்லை. பிறகுதான் தெரிந்தது, 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அவள் வீட்டார் அருகில்தான் குடியிருந்தார்கள். கண்ணை மூடினால் அவளுக்கு வருவது அமைதியல்ல, அந்தச் சத்தம். மலையகத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அவர்களை வரிசையாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வதற்கு முன், சொல்பவர் நன்றாகப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இரண்டு நாள் செயலமர்வுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர் போதாது.

பயன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு, உயர்தரம் எழுதவிருக்கும் ஒரு மகள், "வினாத்தாளைப் பார்த்ததும் கை நடுங்கும். இப்ப மூணு தரம் மூச்சை மெதுவா விட்டுட்டுத்தான் பேனையை எடுக்கிறேன்" என்றாள். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கும் 17 வயதுத் தம்பி, "முதலாளி ஏசும்போது முகம் சூடாகுறது தெரியுது. முன்னெல்லாம் ராத்திரி படுக்கிற வரைக்கும் உள்ளுக்குள்ளயே எரியும்" என்றான்.

நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் தம்பி காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டு. அது அவனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஏச்சைத் தாங்கிக்கொண்டு அமைதியாக நிற்க மட்டும் நாம் அவனைப் பழக்கினால், லாபம் யாருக்கு? ஆகவே அன்று மூச்சுப் பயிற்சி முடிந்ததும் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தோம். கோபத்தைக் கவனிக்கத் தெரிந்தவன், அது எதனால் வந்தது என்றும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் நம்மை நிதானிக்கச் சொல்கிறது. பிரித்தானியாவில் 80க்கும் மேற்பட்ட பாடசாலைகளில், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. ஏறக்குறைய 11 முதல் 14 வயது வரையான அந்தப் பிள்ளைகளில், மனக்கவனப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழமையான பாடத்தைப் படித்தவர்களுக்கும் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் களைப்பும் சலிப்பும் சிறிது காலத்துக்காவது குறைந்தன. பாடசாலையின் சூழலும் கொஞ்சம் மேம்பட்டது. இதை வாசித்தபோது, முதலில் உட்கார வேண்டியவர்கள் பெரியவர்களோ என்று நமக்குத் தோன்றியது. பிரம்பை எடுக்குமுன் மூன்று மூச்சு விடும் ஆசிரியர், போத்தலோடு வீட்டுக்கு வந்து கத்துமுன் வாசலில் ஒரு நிமிடம் நிற்கும் தகப்பன். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறெது?

2025 மே மாதம் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு பாடசாலை மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் தரப்பிலிருந்து முன்பே முறைப்பாடு செய்யப்பட்டிருந்தது என்பது பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு உயிரிழந்தாள். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 14இலிருந்து 16ஆகச் சட்டம் உயர்த்தியதும் அதே ஆண்டில்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது மூச்சுப் பயிற்சியா? சொன்னதைக் கேட்டு, உடனே எழுந்து நடக்கும் ஒரு பெரியவர்.

இந்தப் பயிற்சியை நாம் ஆதரிப்பதும் இதற்காகவே. வயிற்றில் ஏதோ பிசைகிறது, அந்த ஆள் பக்கத்தில் வந்தால் உடம்பு சுருங்குகிறது என்று கவனிக்கக் கற்ற பிள்ளை, அதைச் சொல்லவும் முந்திக்கொள்ளும். ஆனால் சொல்ல ஆள் வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆலோசனைக்கு என்று நியமித்த ஆசிரியரே கணிதமும் எடுக்கிறார், விளையாட்டும் பார்க்கிறார். பிள்ளை எப்போது போய்ப் பேசுவது? தமிழில் பேசக்கூடிய, அந்த வேலையை மட்டுமே செய்யும் ஆலோசகர்களைக் கல்வி அமைச்சு நியமிக்கட்டும். மனக்கவனப் பயிற்சி வேண்டும் என்றால் அவர்களோடு சேர்த்து வரட்டும். அவர்களுக்குப் பதிலாக வந்தால் எதிர்ப்போம்.

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் லயத்துச் சுவரிலும் கொழும்பில் பிள்ளைகள் தங்கும் அறைகளிலும் எழுதி ஒட்டுங்கள். கொட்டாஞ்சேனை வகுப்பு அடுத்த மாதமும் நடக்கும். தோட்டத் தலைவர்மார், உங்கள் பிரிவிலிருந்து கொழும்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலை மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை எங்காவது வேலைக்கு நின்றால் அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குச் சங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது.