வானில் நான்கு மணி நேரம், தரையில் எட்டு

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,000 கி.மீ. பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால், பயணச்சீட்டில் உள்ள இந்த நேரம் பயணிக்கு உண்மையில் செலவாகும் நேரமல்ல. கள்ளக்குறிச்சி மாவட்டம், எலவனாசூர்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் ஒருவரின் பயணத்தைக் கணக்கிட்டால் இது விளங்கும்.

முதலில் பேருந்தில் உளுந்தூர்ப்பேட்டை. அங்கிருந்து வேறு பேருந்தில் திருச்சி. பின்னர் நகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ விமான நிலையம். காத்திருப்பையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் கரைந்துவிடும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்றாக வேண்டும். சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டியுடன் வெளியே வர மேலும் ஒரு மணி நேரம். ஆக, வானில் நான்கு மணி நேரம். தரையில் எட்டு மணி நேரம்.

வானிலும் தொலைவு மட்டுமே நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. 2022-இல் ரஷிய வான்வெளி மூடப்பட்டபோது, ஒன்பது மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி - டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமானது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தனது வான்வெளியை மூடியதால், தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் இந்திய விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. இவை உலக அரசியல் விதிக்கும் தாமதங்கள். நம் கையில் இல்லை. தரையில் ஏற்படும் தாமதமோ நம் நிர்வாகத்தின் கையில் இருப்பது.

உளுந்தூர்ப்பேட்டை அருகே உள்ள இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சேலத்தின் அனுபவத்தை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் அங்கு தொடங்கிய விமான சேவை 2021-இல் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. சிறிய ஊரில் ஓடுபாதை அமைப்பதைவிட அதில் தொடர்ந்து விமானம் இயக்குவது கடினம். அப்படியே இயங்கினாலும், சிங்கப்பூர் செல்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாறவே வேண்டியிருக்கும்.

எளிய தீர்வு சாலையில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்ட அரசுப் பேருந்துகளின் பயணம் சென்னை விமான நிலையத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெட்டிகளைச் சுமந்துகொண்டு பயணிகள் அங்கு மீண்டும் வண்டி மாறுகிறார்கள். விமான நிலையத்தையும் கிளாம்பாக்கத்தையும் இணைக்கும் 15.46 கி.மீ. மெட்ரோ திட்டம் இனியும் தாமதிக்கப்படக் கூடாது. அதுவரை, இரவு நேர விமானங்களுக்கு ஏற்ற இணைப்புப் பேருந்துகள் வேண்டும். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து திருச்சி விமான நிலைய வாயில் வரை, விமானங்களின் நேரத்தையொட்டி நாளொன்றுக்குச் சில பேருந்துகளை இயக்கினாலே எலவனாசூர்கோட்டை மட்டுமன்றி, கல்வராயன் மலைக் கிராமத்தினரும் பயன்பெறுவர்.

விமானத்தின் வேகத்தைக் கூட்ட நம்மால் இயலாது. விமானத்தைச் சென்றடையும் நேரத்தைக் குறைக்க, அரசு நினைத்தால் இயலும்.