தெருவைத் தந்தவர் கேட்கும் கேள்வி

ஒருவர் இணையத்தில் எந்நோய்க்கு மருந்து தேடுகிறார், எங்கே கடன் கேட்கிறார், எக்கட்சியின் கொள்கையைப் படிக்கிறார் என்பனவெல்லாம் அவர் நெஞ்சோடு ஒட்டிய கமுக்கங்கள். வலைத்தளம் ஒன்று பிடிக்கவில்லையெனில் விலகிவிடலாம். வீட்டிற்கு இணைப்புத் தரும் நிறுமத்தை விலக்க இயலுமோ? அனைத்தும் அதன் கம்பிவழியே சென்றாக வேண்டும். செய்தியைப் பூட்டி விடுத்தாலும், எத்தளத்திற்குச் சென்றார் என்பது பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்புவதில்லை. மடல் சுமக்கக் கூலி பெற்றவன் உறைமேலுள்ள முகவரிகளைக் குறித்துவைத்து விற்பது போன்றதே இவ்வணிகம்.

அமெரிக்காவில் இதற்குக் கடிவாளமிட, 2016 அக்குதோபரில் நடுவண் தகவல் தொடர்பு ஆணையம் விதி வகுத்தது. பயனரின் முன்னிசைவின்றி அவர்தம் உலாவற் செய்திகளைப் பிறர்க்குத் தரலாகாது என்பதே அதன் உயிர். முழுதும் நடைமுறைக்கு வருமுன்பே அவ்வுயிர் பறிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் மேலவை 50-க்கு 48 எனவும், கீழவை 215-க்கு 205 எனவும் வாக்களித்து அதனை நீக்கின. ஏப்பிரல் 3-இல் குடியரசுத் தலைவர் திரம்பு ஒப்பமிட்டார். போதாக்குறைக்கு, அதையொத்த விதியை அவ்வாணையம் தானே மீண்டும் இயற்றவும் கூடாதாம்!

நடுவணரசு கைவிட்டவிடத்து ஒரு நகரம் எழுந்தது. 2017 மே திங்களில், வாசிங்டன் மாநிலத்துச் சியாட்டில் மாநகராட்சி, தன் எல்லைக்குள் கம்பிவடம் வழியே இணையம் வழங்கும் நிறுமங்கள் முன்னிசைவு பெற்ற பின்னரே உலாவற் செய்திகளைப் பகிரலாம் என ஆணையிட்டது. இந்த உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது? தெருவிலிருந்து வந்தது! வடம் நகரத்தின் தெருவழியேதான் ஓட வேண்டும். அதற்கு நகரத்தின் இசைவாணை வேண்டும். இசைவு தருபவர் கட்டுப்பாடும் விதிக்கலாம். உள்ளாட்சிக்கும் இணையத்திற்கும் என்ன தொடர்பு என்று நகைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எனினும், வானலைவழி வரும் கைப்பேசி இணையம் அவ்வாணைக்குள் அடங்கவில்லை. தெருவின் ஆளுகை அவ்வளவே. மெயின் மாநிலம் 2019-இல் இயற்றிய சட்டம் இன்னும் அகன்றது. இசைய மறுப்பவரிடம் கூடுதற் கட்டணம் பெறுவதையும், இசைபவர்க்குக் கழிவு தந்து மயக்குவதையும் அது விலக்கிற்று. 2020 சூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வருமுன்பே, வழங்குநர் கூட்டமைப்புகள் வழக்குமன்றம் ஏறின. பிறர் கமுக்கத்தைக் கையாள்வது தங்கள் பேச்சுரிமையாம்! பேசாதிருக்க விரும்பும் வீட்டாரின் உரிமை அவர்தம் கணக்கில் இல்லை போலும். 2022-இல் அவ்வழக்கைத் தாங்களே கைவிட்டனர்; சட்டம் நின்றது.