நிழலும் நிலமே

தென்னையின் கீழும் கிணற்றடியிலும் நிழல் கவிந்த இடத்தில் எதுவும் விளையாது என்பது நம் அங்கத்தினர் பலருடைய எண்ணம். தணிக்கைக்குச் செல்லும் ஊர்தோறும் இதைக் கேட்கிறோம். வெயில் விரும்பும் பயிரை நிழலில் வைத்துவிட்டு நிலத்தைக் குறை கூறுவது முறையன்று. நிழலையே தாயகமாகக் கொண்ட செடிகளும் உண்டு. திப்பிலி அவற்றுள் ஒன்று.

மேற்கு மலைத் தொடரின் ஈரக் காடுகளில் மரநிழலில் தானே படர்ந்து பல்லாண்டு வாழும் கொடி அது. சுக்கு, மிளகுடன் சேர்ந்து திரிகடுகமாவது. கொல்லிமலையில் இதைப் பயிரிடுகின்றனர். தென்னந்தோப்புக்கு ஏற்ற 'விஸ்வம்' என்னும் ரகத்தைக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது.

ஆண்கொடி, பெண்கொடி தனித்தனியாதலால், நன்கு காய்க்கும் பெண்கொடியிலிருந்தே 3 முதல் 5 கணுக்கள் கொண்ட தண்டை எடுத்து வேர்விடச் செய்தல் வேண்டும். மழை தொடங்கியதும் இரண்டடி இடைவெளியில் நடலாம். மட்கு தாராளமாக வேண்டும், நீர் தேங்கலாகாது, கோடையில் ஈரம் வற்றவும் கூடாது. ஏறக்குறைய 6 மாதங்களில் காய் கிடைக்கும். முற்றிய காயைப் பழுக்கும் முன்பே பறித்து, 4, 5 நாள் வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். 3 ஆண்டுகளுக்குப் பின் விளைச்சல் குன்றினால், வேரும் அடித்தண்டும் திப்பிலி மூலமாக விலை போகும்.

பயிரைவிட விற்பனையே கடினம். ஓர் ஊரில் அங்கத்தினர் ஒருவர் அரைகுறையாக உலர்ந்த சரக்கைத் தனியே சந்தைக்குக் கொண்டு சென்றார். பூசணம் என்று சொல்லி வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். கடன் தவணை நெருங்கியிருந்ததால் அவரும் கொடுத்துவிட்டார். அக்கடன் சங்கக் கடன். தவணையை வற்புறுத்தியவர்களுள் நாமும் இருந்தோம். அவரது நஷ்டத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவினர் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். தவணை நாளை அறுவடைக்குப் பின் வைக்க வேண்டும். சரக்கைப் பொதுவில் உலர்த்தி, தரம் பிரித்து, ஒன்றாக விற்க வேண்டும். விலை வரும்வரை சரக்கின்பேரில் முன்பணம் தர வேண்டும். களமில்லாத ஊரில், காலையில் பாவு வேலை முடிந்தபின் பாவடி வெறுமையாகத்தான் கிடக்கிறது; முறையாகக் கேட்டால் நெசவாள அன்பர்கள் மறுக்கமாட்டார்கள். அவர்கள் கிணற்றடியிலும் பத்துக் கொடிகள் படரட்டுமே!

திப்பிலி ஒருவரையும் செல்வராக்கிவிடாது. முதலில் சில சென்ட் நிலத்தில் நட்டுப் பார்க்கலாம். வீணென்று விட்ட நிழலிலிருந்து ஒரு தவணைக்கான பணம் வந்தாலும் அது லாபமே.