வலியின்றிப் பறிபோகும் பார்வை

2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழக அரசுக்கு எதிராக உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இன்று பலருக்கு நினைவிருக்காது. 1996-இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை, இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றப்பட்டு வீடு திரும்பியது. அதன் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பார்வை இல்லை என்பது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் சுமார் ரூ.1.8 கோடி இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த வழக்கில் தவறான அறுவை சிகிச்சை எதுவும் நடைபெறவில்லை. சொல்ல வேண்டிய ஒரு செய்தி, சொல்ல வேண்டிய நாளில் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டின் கண் மருத்துவம் இன்று எதிர்கொள்ளும் சிக்கலின் மையமும் அதுவே.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்த நாளங்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பிறந்தபின் அவை தாறுமாறாகக் கிளைத்து, சில குழந்தைகளுக்கு விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகின்றன. அளவு மீறிச் செலுத்தப்படும் ஆக்சிஜன் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 34 வாரங்களுக்கு முன்பாகவோ, 2 கிலோவுக்குக் குறைவான எடையிலோ பிறந்த குழந்தைக்கு 30 நாள்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடைபெற வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. நோய் முற்றும் நிலை தெரிந்தால் ஓரிரு நாள்களில் லேசர் சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். மாவட்டந்தோறும் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகள் வந்ததால் முன்பு இறந்திருக்கக்கூடிய பல குழந்தைகள் பிழைக்கின்றன. அவர்களின் உயிரைக் காத்த அமைப்புக்கே அவர்களின் பார்வையைக் காக்கும் கடமையும் உண்டு.

இது இயலாத செயல் அன்று. கர்நாடகத்தில் 2008-இல் தொடங்கப்பட்ட திட்டம் ஒன்றில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் விழித்திரைக் கேமராவுடன் கிராமப்புற மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். படங்களைத் தொலைவிலுள்ள நிபுணர்கள் பார்த்துச் சொல்கின்றனர். கண் மருத்துவர் இல்லாத இடத்திலும் பரிசோதனை நடக்கிறது.

நம் பொதுப்புத்தியில் கண் நோய் என்றால் கண்புரைதான். அதற்குக் காரணம் ஒரு பெரும் வெற்றி. 1976-இல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். 1992-இல் அரோலேப் உள்நாட்டிலேயே செயற்கை விழிலென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதும், ஏழைக்கு எட்டாதிருந்த லென்ஸ் எட்டும் விலைக்கு வந்தது. இந்தப் பணி இன்னும் முடிந்துவிடவில்லை. 2015-19 தேசிய ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரையே.

ஆனால், கண்புரை மன்னிக்கும் நோய். ஈராண்டு தாமதித்து வந்தாலும் பெரும்பாலும் பார்வையைத் திருப்பித் தரலாம். அதனால்தான் "மங்கலானால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. நீரிழிவு விழித்திரை நோய்க்கு அந்தப் பழக்கமே எமன்.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இவர்களுள் விழித்திரை பாதிக்கப்பட்டவர் நெடுங்காலம் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடத் தடுமாறாமல் படிப்பார். வலியில்லை, சிவப்பில்லை. ஒருநாள் ரத்தம் கசிந்து கண் இருளும்போதுதான் வருவார். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்தும் எஞ்சியிருப்பதைக் காக்கும். சிலருக்கு ஓரளவு தெளிவும் தரும். அழிந்த நரம்புத் திசுவை அவற்றால் மீட்க முடியாது. ஊசியும் ஒரு முறையோடு முடிவதில்லை. பல மாதங்கள் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளியோடு துணைக்கு வருபவருக்கும் ஒருநாள் கூலி போகிறது. பாதியில் சிகிச்சையைக் கைவிடுபவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது.

தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை வழங்குபவரிடம் உள்ள பதிவேட்டில் "கடைசியாக விழித்திரைப் படம் எடுத்த நாள்" என்றொரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும். ஓராண்டு கடந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் படம் எடுக்க நாள் குறித்துத் தர வேண்டும். படம் எடுக்கச் சில நிமிடங்களே போதும். அதைக் கணினியே படித்து நோயைக் கண்டறிய இயலும் என்பதை, இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு கூகுள் ஆய்வாளர்கள் 2016-இலேயே காட்டிவிட்டனர். கேமராவுக்கு ஆகும் செலவு, பார்வையிழந்த ஒரு குடும்பத் தலைவரால் அந்த வீடு இழக்கும் வருவாயோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டியது.

கண் நீர் அழுத்த நோயும் இதே வகை. பக்கவாட்டுப் பார்வையை முதலில் அரித்து, நேர்ப் பார்வையைக் கடைசிவரை விட்டுவைப்பதால் நோயாளி உணர்வதில்லை. 40 வயதுக்குப் பின் கண்ணாடி மாற்றச் செல்லும்போது கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 'மெட்ராஸ் ஐ' பரவும் காலத்தில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். நாள்கணக்கில் அதைத் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் உயர்ந்து, நிலையான சேதம் ஏற்படக்கூடும். கண்காணிப்பு தேவைப்படுவது இங்கேதான்.

அரிய நோய்களைப் பற்றிய செய்திகளில் விலைதான் தலைப்பாகிறது. பிறவியிலேயே பார்வையைக் குலைக்கும் ஒருவகை மரபணுக் குறைபாட்டுக்கு 2017-இல் அமெரிக்கா அனுமதித்த மரபணு சிகிச்சையின் விலை இரு கண்களுக்கும் 8.5 லட்சம் டாலர். நம் அரிய நோய்க் கொள்கையின் நிதி உச்சவரம்பான ரூ.50 லட்சம் அதன் அருகில்கூட வராது. அந்தச் சிகிச்சைக்கும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருக்க வேண்டும். உறவுமுறைத் திருமணம் கணிசமாக உள்ள தமிழகத்தில், மரபணு ஆலோசனை மாவட்டத் தலைநகரங்களிலாவது கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆடம்பரமானதன்று.

விழித்திரைப் புற்றுநோயோ அரியதாயினும் கைக்கெட்டும் சிகிச்சை உடையது. குழந்தையின் கண்மணி வெண்மையாகப் பளிச்சிடுவதை உடனே கவனித்துக் கொண்டுவந்தால் உயிரையும் பலவேளைகளில் பார்வையையும் காக்கலாம். தாமதித்தால் கண்ணையே அகற்ற நேரிடும். தடுப்பூசிக்காக ஒவ்வொரு குழந்தையும் முதல் ஆண்டிலேயே பலமுறை கிராம சுகாதார செவிலியரிடம் வருகிறது. அப்போது இரு கண்களிலும் ஒளி பாய்ச்சிப் பார்க்க அவருக்குப் பயிற்சியும், ஐயம் எழுந்தால் அனுப்பிவைக்க ஒரு மருத்துவமனையின் முகவரியும் தரப்பட வேண்டும்.