வாடகை ஸ்கூட்டர்: பொறுப்பு யாருடையது?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வாடகை ஸ்கூட்டர் இன்று பலருக்குப் பிழைப்பாகவும், அதைவிடப் பலருக்குப் பிரச்னையாகவும் வளர்ந்திருக்கிறது. ஆசிரமத்தை நாடி வரும் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கடைத்தெருவுக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் மலையைச் சுற்றவும் அவர்களுக்கு ஒரு வண்டி தேவைப்படுகிறது. கொடுக்க ஆள் இருக்கிறது. நாள் வாடகை, மாத வாடகை என்று பேசி வண்டி கைமாறுகிறது.

வண்டியை வாடகைக்கு விடுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஒரே வண்டி பத்துப் பேருக்குப் பயன்படுவது நல்ல காரியம். தமிழ்நாட்டில் வாடகை சைக்கிள் கடை இல்லாத ஊர் ஒரு காலத்தில் உண்டா? மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிளும் மணிக்கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகமும் நமக்குப் புதிதல்ல. சொந்தமாக சைக்கிள் வாங்க வழியில்லாத தொழிலாளியும் மாணவனும் அந்த சைக்கிளில்தான் ஓட்டப் பழகினார்கள். கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். ஆளுக்குக் கடைக்காரரிடம் பயம் உண்டு. வண்டிக்குப் பொறுப்பாளி ஒருவர் இருந்தார்.

இன்று அந்தப் பொறுப்பு எங்கே போயிற்று?

சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவு வாடகை மோட்டார் சைக்கிள் தொழிலை முறைப்படுத்த இடம் தருகிறது. அதன்படி மத்திய சர்க்கார் 1997-ல் ஒரு திட்டத்தையே வகுத்தது. வாடகைக்கு விடுபவர் லைசென்ஸ் பெற வேண்டும். வண்டிகளை அதற்கென்று பதிவு செய்ய வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் இருக்க வேண்டும். ஓட்டும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது, வண்டிச் சொந்தக்காரரின் குற்றம் என்று அதே சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது.

நடைமுறை என்ன? சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளைப் பலகை வண்டி வாடகைக்கு ஓடுவது தமிழ்நாட்டின் யாத்திரை ஊர்களிலும் சுற்றுலா ஊர்களிலும் சர்வ சாதாரணம். ரமணாசிரமம் பகுதி இதற்கு விலக்கல்ல. வண்டி ஒருவர் பேரில். பேசி முடிப்பவர் இன்னொருவர். ஓட்டுபவர் நேற்று வந்து நாளை போகிறவர். லைசென்ஸைப் பார்ப்பாரில்லை. ஹெல்மெட் கொடுப்பாரில்லை. வாடகைப் பணம் மட்டும் தவறாமல் போய்ச் சேருகிறது.

விபத்து நேர்ந்தால்தான் இதன் விபரீதம் புரியும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷ்யூரன்ஸ், வாடகைக்கு ஓடிய வண்டிக்குச் செல்லாது என்று வாதாட இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டமே இடம் தருகிறது. வண்டிச் சொந்தக்காரர், ‘சிநேகிதருக்குச் சும்மா கொடுத்தேன்’ என்று கைவிரிக்கலாம். ஓட்டியவர் ஊருக்கே போய்விடலாம். அடிபட்டுக் கிடப்பவர் யார்? பூக்கூடை சுமந்து போகும் பெண்மணி. கடை திறக்கப் போகும் தொழிலாளி. வெறுங்காலுடன் மலை சுற்றும் கிழவர். இவர்கள் நஷ்ட ஈட்டுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமா?

இடத்தையும் கவனிக்க வேண்டும். ஆசிரமம் செங்கம் ரோட்டில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, பெங்களூர் போகும் பஸ்ஸும் லாரியும் இதே ரோட்டில்தான் ஓடுகின்றன. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதியும் இதே ரோடுதான். பௌர்ணமிதோறும் மக்கள் வெள்ளம். கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனங்கள். இந்த நெரிசலில், ஊரும் தெரியாமல் வண்டியும் பழகாமல் ஒருவர் ஸ்கூட்டரில் புகுந்தால் என்ன ஆகும்?

ஆட்டோ தொழிலாளியின் நியாயத்தையும் கேட்க வேண்டும். அவர் பர்மிட்டுக்குப் பணம் கட்டுகிறார். வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டு போய் நிறுத்துகிறார். வாடகை வண்டிக்குரிய இன்ஷ்யூரன்ஸ் கட்டுகிறார். சிறு தவறுக்கும் அபராதம் செலுத்துகிறார். இந்தச் செலவு எதுவுமே இல்லாத வண்டி அவருடைய சவாரியைக் கொண்டு போகிறது. சட்டத்தை மதிப்பவன் நஷ்டப்படுவதும், மதிக்காதவன் லாபம் பார்ப்பதும் என்ன நீதி?

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 1965-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து இளைஞர்கள் சில சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்து, எவரும் இலவசமாக எடுத்து ஓட்டலாம் என்று வீதியில் விட்டார்கள். நோக்கம் உயர்ந்தது, ஆனால் பராமரிக்க ஏற்பாடு இல்லை, போலீசும் சைக்கிள்களைப் பறித்துச் சென்றது. முயற்சி நிலைக்கவில்லை. பிற்காலத்தில் அதே யோசனையைப் பெருமுதலாளிகள் கையில் எடுத்தார்கள். சீனாவின் ஓஃபோ கம்பெனி லட்சக்கணக்கில் சைக்கிள்களை வீதிகளில் கொட்டியது. நம் கோவைக்கும் வந்தது. 2018-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. அவ்வருட டிசம்பரில் அதன் சொந்த நாட்டில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். பாரிஸ் நகரில் நடைபாதையெங்கும் வாடகை மின் ஸ்கூட்டர்கள் இறைந்து கிடந்தன. 2023 ஏப்ரல் 2-ல் நடந்த வாக்கெடுப்பில், கலந்து கொண்டவர்கள் சிறு பகுதியினரே என்றாலும், அவர்களில் சுமார் 89 சதவிகிதம் பேர் அவை வேண்டாம் என்றார்கள். அவ்வருட ஆகஸ்ட் முடிவோடு அவை அகற்றப்பட்டன. நல்ல நோக்கம் மட்டும் போதாது. லாப நோக்கத்திடம் விட்டாலும் நடக்காது. பொறுப்பும் கண்காணிப்பும் வேண்டும்.

சிலர், ‘வாடகை வண்டியையே தடை செய்’ என்கிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை. தடை போட்டால் தொழில் இருட்டுக்குள் போகும், மாமூல் பெருகும், ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் இளைஞன் மாட்டிக்கொள்வான், பத்து இருபது வண்டியைப் பிறர் பேரில் ஓட்டுபவர் தப்பித்துக்கொள்வார். ஆகவே நாம் கோருவது இதுதான்:

வாடகைக்கு ஓடும் வண்டிகள் அனைத்தையும் கெடு வைத்து முறைப்படி பதிவு செய்ய வேண்டும். தனியாக லைசென்ஸ் பெற முடியாத சிறு உடைமையாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாக அமைத்து, அச்சங்கத்துக்கு லைசென்ஸ் தர வேண்டும். வண்டியோடு இரண்டு ஹெல்மெட்டும் இன்ஷ்யூரன்ஸ் நகலும் கொடுப்பதும், ஓட்டுபவரின் லைசென்ஸைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் கட்டாயமாக வேண்டும். வாடகை விகிதத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அடகுப் பொருள்போல வாங்கி வைக்கும் பழக்கம் கூடாது. மாநகராட்சி, செங்கம் ரோட்டில் வண்டி நிறுத்தத் தனி இடம் ஒதுக்க வேண்டும். மலையைச் சுற்றிப் போதுமான பஸ் வசதி வேண்டும். பஸ் இருந்தால் பாதிப் பேருக்கு ஸ்கூட்டரே வேண்டாம்.

வண்டி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை கொடுத்தால் வண்டி சில நாளைக்கு உங்களுடையதாகலாம்; வீதி உங்களுடையதாகாது. அது நடப்பவர்களின் வீதி. வந்த ஊரில் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டீர்களோ, அதே கட்டுப்பாடு இங்கும் வேண்டும்.

போக்குவரத்து அதிகாரிகளும் போலீசும் மாநகராட்சியும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு காலத்தைக் கடத்தக் கூடாது. ஆட்டோ தொழிலாளர்களும் வண்டி வாடகைக்கு விடும் சிறு உடைமையாளர்களும் வியாபாரிகளும் குடியிருப்போரும் ஒன்றுகூடி இதை வற்புறுத்த வேண்டும். உயிர்ப் பலிக்குப் பிறகு நடவடிக்கை என்பது நிர்வாகத்துக்கு அழகல்ல. நடவடிக்கை இப்போதே வேண்டும்!