பதற்றநோயும் தொலைபேசி ஆலோசனையும்

பரீட்சை நெருங்குங்கால் நெஞ்சு படபடத்தல் யாவர்க்கும் இயல்பே. அது மாதக்கணக்காய் நீடித்து, ஊணையும் உறக்கத்தையும் கெடுத்து, வகுப்பினுள் அடிவைக்கவொட்டாது தடுக்குமாயின், அதனைக் கோழைத்தனமென்பது அறியாமை. அது நோய், தீரத்தக்க நோய். 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி ஆழிப்பேரலையைக் கண்ட கடலூர், கிள்ளைக் கரையோரத்தார்க்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

அஞ்சியதைப் படிப்படியே எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, இணையவழியேயும் பலன் தருகின்றது. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாய், தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கின்றது. கிள்ளை மாணவன் அதன்பொருட்டுச் சிதம்பரத்துக்குப் பேருந்தேறவும் வேண்டா. வைத்தியர் வாசலில் உறவினர் கண்ணிற்படவும் வேண்டா. எனினும், நால்வர் படுத்துறங்கும் விடுதியறையில் ஒருவன் தன் அச்சத்தை எங்ஙனம் வாய்விட்டுரைப்பான்? ஆதலின், ஒவ்வொரு கலாசாலையும் கதவடைத்துப் பேசத்தக்க சிற்றறையொன்றை ஒதுக்குதல் வேண்டுமென்பது நமது கருத்து. நூல்நிலையத்தின் பின்கட்டே போதும்.