கட்டு நழுவினால் யார் குற்றம்?

என் மகனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் 2019இல் ஒரு டாக்டர் இங்கிலீஷில் இரண்டு சொல் கிறுக்கினார். எனக்கு அந்தக் கையெழுத்து விளங்கவில்லை. காலனியில் காலேஜ் படிக்கிற தம்பியிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “புவர் கம்ப்ளையன்ஸ்னு போட்டிருக்குதுண்ணா. அதாவது நீங்க ஒத்துழைக்கலியாம்” என்றான்.

காந்தி செய்தால் ஒத்துழையாமை இயக்கம். அதையே சேரிக்காரி செய்துவிட்டாள் என்றால் குற்றப்பத்திரிகை. அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இயக்கப் பத்திரிகையில் பிள்ளையின் கால் கதை எதற்கு என்று தோழர்கள் யாராவது கேட்டால், முடிக்கும்வரை பொறுங்கள்.

அவன் 2017இல் பிறந்தான். வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. வளைபாதம் என்கிறார்கள். சுமாராக ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவமே சொல்வதில்லை. ஆனால் ஊருக்குள் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. “கிரகணத்தன்னிக்கி வெளிய வந்தியாடி?” என்று கேட்டார்கள். என் மனைவி நடவுக்குப் போகிற நிலத்துக்காரம்மா, “போன ஜென்மத்துப் பாவம், அனுபவிச்சித்தான் தீக்கணும்” என்றார். நம்மைச் சேரியில் வைத்ததும் இதே போன ஜென்மத்துக் கணக்குத்தானே தோழர்களே! அதே பேரேட்டில் பச்சைப் பிள்ளையின் காலையும் வரவு வைத்துவிட்டார்கள்.

வைத்தியம் இருக்கிறது, அதுவும் நல்ல வைத்தியம். அதைக் கண்டவர் பொன்செட்டி. ஸ்பெயின் நாட்டு மெனார்க்கா தீவில் 1914இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளை எதிர்த்த குடியரசுப் படையின் பக்கம் நின்று காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். தோற்ற பிறகு நாட்டைவிட்டு ஓடி, மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பாதத்தைக் கிழித்து ஆபரேஷன் செய்வதே பெருமை என்றிருந்த காலத்தில், கையால் மெதுவாகத் திருப்பி, வாரா வாரம் மாவுக்கட்டுப் போட்டே நேராக்கலாம் என்று 1940களின் கடைசியிலிருந்து செய்து காட்டினார். அறுவை நிபுணர்கள் பல பத்தாண்டுகள் அதைச் சட்டை செய்யவில்லை. 1990களின் கடைசியில் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. இதை நினைவில் வையுங்கள். டாக்டர்கள் ஒதுக்கியதைத் தாய் தகப்பன்மார் தூக்கி நிறுத்தினார்கள்.

தொடையிலிருந்து கால்விரல்வரை கட்டு. வாரத்துக்கு ஒன்றாக ஐந்து முதல் ஏழு கட்டு. பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சின்னக் கத்தியால் வெட்டிவிட்டுக் கடைசிக் கட்டு மூன்று வாரம். அதற்குள் அது நீண்டு கூடிவிடும். அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

முதல் அடி மூன்றாவது கட்டில் விழுந்தது. கட்டுக்கு வெளியே விரல் ஐந்தும் தெரிய வேண்டும். விரல் உள்ளே போய்விட்டால் கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம், உடனே அவிழ்த்தாக வேண்டும். ஒரு சனிக்கிழமை ராத்திரி விரலைக் காணோம். பிள்ளை வீறிட்டு அழுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவது செவ்வாய்க்கிழமை மட்டும். அவள் ஒருத்தியாக அன்னக்கூடையில் தண்ணி வைத்துக் காலை ஊறப்போட்டு, விடிய விடியச் சுற்று சுற்றாக அவிழ்த்திருக்கிறாள். குதிகாலில் புண். அது ஆறுகிறவரை அடுத்த கட்டு இல்லை. திருத்திய பாதம் கொஞ்சம் பழையபடி மடங்கியது.

அப்போது நான் எங்கே இருந்தேன்? பக்கத்து மாவட்டத்தில் பொதுக்கூட்ட மேடையில் இருந்தேன். மறுநாள் வந்ததும் அவள் சொன்னாள்: “ஒலகத்துக்கே விடுதல வாங்கித் தர்ற ஆளு. புள்ளயத் தூக்கிப் புடிக்க ஒரு ஆளு இல்ல.” இதற்கு நான் சொன்ன பதில் எதுவும் அச்சில் ஏறத் தகுதியானதல்ல.

இரண்டாவது அடி ஷூ. கட்டுப் பிரித்த பிறகு, இரண்டு ஷூவை ஒரு கம்பியில் பூட்டிக் காலில் மாட்டிவிடுவார்கள். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயதுவரை. அந்தக் கம்பியோடு பிள்ளையைப் புடவைத் தூளியில் போட முடியாது, மாட்டிக்கொள்ளும். தூளி இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை தூங்கியிருக்கிறது? விடியற்காலையில் அவள் நடவுக்குப் போய்விடுவாள். பார்த்துக்கொள்கிற என் அம்மா ஷூவைக் கழற்றிவிடும். “நம்ம பாட்டன் பூட்டன்தான் கட்டுண்டு கெடந்தான். பொறந்த புள்ளைக்குமாடா வெலங்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டது. விலங்கு உடைப்பதைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிற என்னால் அந்தக் கிழவிக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

2019இல் பாதம் மறுபடி உள்ளே திரும்பியது. டாக்டர் என் மனைவியைப் பார்த்து, “உங்க ஆளுங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது” என்றார். அந்த ‘உங்க ஆளுங்க’ யார் என்று நமக்குத் தெரியும். உள்ளே போகும்போதே, “ஊரா காலனியா?” என்று கேட்டுத்தானே சீட்டு எழுதினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். டாக்டர் சொன்னது பொய் இல்லை. ஷூ போடாமல் விடுவதுதான் பாதம் திரும்புவதற்கு முதல் காரணம். ஒழுங்காகப் போட்டும் சில பிள்ளைகளுக்குத் திரும்பும். அதற்கு மறுபடி கட்டும், தேவைப்பட்டால் ஆபரேஷனும் அந்த வைத்தியத்திலேயே சேர்ந்தவை. ஆனால் சீட்டில் எழுதப்பட்டது பாதி உண்மை. ஷூ ஏன் போடவில்லை என்ற மீதிப் பாதியை எழுத அங்கே கட்டமே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் இரண்டு பஸ் மாறிப் போய்வரும் செலவு, ஒரு நாள் கூலி, அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்ற பயம். கட்டுக்குக் காசு வாங்கவில்லைதான். கூலியை யார் கொடுத்தது?

2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ் நின்றது. பிள்ளை வளர்ந்து ஷூவின் முனையில் விரல் மடங்கியது. பெரிய அளவு ஷூ மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, நாங்கள் இங்கே இருக்கிறோம். மாதக்கணக்கில் காலில் எதுவும் இல்லை. மூன்றாவது தடவையும் திரும்பியது. அதை எந்தச் சீட்டிலும் ‘அரசாங்கம் ஒத்துழைக்கவில்லை’ என்று யாரும் எழுதவில்லை.

எங்களைக் காப்பாற்றியது அறிவுரை அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் அக்கா. அவர் பையனுக்கு இரண்டு காலும் திரும்பி, சரியாகியிருந்தது. “திரும்புனா மறுபடி கட்டு போடுவாங்க. அவ்ளோதாம்மா. நீ கொல பண்ணிட்ட மாதிரி அழாத” என்றார். சாக்ஸில் சுருக்கம் இருந்தால் புண்ணாகும், ராத்திரி ஷூவுக்குள் குதிகால் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி விளையாட்டுக் காட்டினால் பிள்ளை பழகிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் யார் குற்றம் என்ற பேச்சு நின்றது. செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது அதற்குப் பிறகு என் வேலை.

2022இல் தசைநாணை இடம் மாற்றி வைக்கும் ஆபரேஷன் நடந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வலது பாதம் கொஞ்சம் சின்னது, கெண்டைக்கால் மெலிவு. ஓடுகிறான்.

இதில் இயக்கத்துக்கு என்ன வேலை? இருக்கிறது. பிறவிக் குறைகளைக் கண்டுபிடிக்க 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டப் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. ஆக அரசாங்கத்துக்குத் தெரியும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சத்துணவுக்கென்று 2018லிருந்து மாதா மாதம் பணம் கொடுக்கிறார்கள். வருசக்கணக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற தாய்க்கு இழந்த கூலியை ஏன் கொடுக்கக் கூடாது? ஷூவை ஏன் வட்டார ஆஸ்பத்திரியில் வைக்கக் கூடாது? 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கேட்காமலா வந்தது? கேட்க வேண்டியதைக் கேட்போம்.

கேட்பதற்கு முன்னால் நம் வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் காலனியில் கட்டுப் போட்ட பிள்ளை இருந்தால், அந்தத் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போக முறை வைத்து இரண்டு பேரை அனுப்புங்கள். அதில் ஒருவன் ஆணாக இருக்கட்டும். அந்தச் சீட்டில் மறுபடி அந்த இரண்டு சொல்லை எழுதப் பேனா எடுத்தால், பக்கத்தில் நிற்கிறவன் சொல்ல வேண்டும்: “சார், பஸ் இல்ல, கூலி இல்ல, ஷூ இல்ல. அதையும் சேத்து எழுதுங்க.”